பாண்டி பஜாரில் ஓர் இடம் கிடைக்குமா?

தி.நகரில் வண்டி நிறுத்த இடமே இல்லை என்கிறோம். இடம் இருக்கிறது. அதை யார் பிடித்து வைத்துக்கொள்கிறார்கள், எவ்வளவு நேரம் வைத்துக்கொள்கிறார்கள், அதற்கு என்ன கொடுக்கிறார்கள் என்று கேட்கத்தான் ஆளில்லை.

தி.நகர் தணிகாசலம் சாலையில் சென்னை மாநகராட்சி ஓர் அடுக்குமாடி வாகன நிறுத்தத்தைக் கட்டியிருக்கிறது. 222 கார்களும் 513 இருசக்கர வாகனங்களும் நிற்கலாம். செலவு ஏறத்தாழ 40 கோடி ரூபாய். ‘கடைக்கு வருபவர் வண்டியை எங்கே நிறுத்துவார்?’ என்று வியாபாரிகளும் வாடிக்கையாளர்களும் வருடக்கணக்கில் கேட்ட கேள்விக்கு அரசாங்கம் தந்த பதில் அது. கட்டடம் திறந்த பிறகு பத்திரிகைகளில் வந்த செய்திதான் விசித்திரமாக இருந்தது. உள்ளே இடம் காலியாகக் கிடக்கிறது. வெளியே, கூப்பிடு தூரத்தில் இருக்கும் தெருக்களில் இரு பக்கமும் வண்டி அடைத்துக்கொண்டு நிற்கிறது.

மக்களுக்குப் பொறுப்பில்லை என்று சொல்லி இதைக் கடந்துவிடலாம். அது சுலபம். ஆனால் வண்டி ஓட்டுபவர் போடும் கணக்கைப் பார்த்தால் அவர் செய்வது புரிகிறது. வசூல் நடக்கும் காலத்தில் உள்ளே போனால் கட்டணம் உண்டு, சீட்டு வாங்க வேண்டும், ஏறி இறங்க நேரம் ஆகும். அடுத்த சந்தில் நிறுத்தினால் காசு இல்லை. போலீஸ் வந்தால் அபராதம். பெரும்பாலான நாட்களில் வருவதில்லை. இந்த நிலையில் நாற்பது கோடி ரூபாய்க் கட்டடத்தை விடச் சந்துதான் லாபம். இந்தக் கணக்கு மாறாதவரை இன்னும் பத்து அடுக்குமாடிகள் கட்டினாலும் தெரு அப்படியேதான் இருக்கும். தி.நகரை வைத்து இங்கே எழுதுவதை மதுரை மாசி வீதிக்காரர்களும் கோவை ஒப்பணக்கார வீதிக்காரர்களும் தங்கள் ஊரை வைத்துப் படித்துக்கொள்ளலாம்.

குடியிருக்க வரைந்த ஊர்

மாம்பலத்துப் பெரிய ஏரியைத் தூர்த்து, 1920களில் நீதிக்கட்சி ஆட்சியின்போது திட்டமிட்டு உருவாக்கிய குடியிருப்பு தியாகராய நகர் என்ற தி.நகர். கட்சித் தலைவர் பிட்டி தியாகராயரின் பெயரை ஊருக்கு வைத்தார்கள். ஆட்சித் தலைமையில் இருந்த பனகல் அரசரின் பெயர் நடுவிலிருக்கும் பூங்காவுக்குப் போனது. டாக்டர் நாயர், உஸ்மான், தணிகாசலம் என்று அந்தக் கால அரசியலைத் தெருப் பலகைகளிலேயே படித்துவிடலாம். பூங்காவிலிருந்து சாலைகள் நாலா பக்கமும் பிரிந்து போக, அவற்றின் இருபுறமும் தோட்டம் வைத்த தனி வீடுகள் என்பதுதான் வரைபடம்.

அதே காலத்தில், 1928-இல், நல்லி சின்னசாமி செட்டியார் பட்டுக் கடை தொடங்கினார். பக்கத்திலேயே மாம்பலம் ரயில் நிலையம். பிறகு பேருந்து நிலையமும் வந்தது. செங்கல்பட்டிலிருந்தும் தாம்பரத்திலிருந்தும் கல்யாணத்துக்குத் துணி எடுக்க வருபவர்கள் ரயிலை விட்டு இறங்கினால் ரங்கநாதன் தெரு. நகை, பாத்திரம், ஜவுளி என்று எல்லாவற்றையும் ஒரே நாளில் வாங்கிக்கொண்டு கடைசி ரயிலுக்கு முன்னால் திரும்பிவிடலாம். இந்த ஊரின் வியாபாரத்தை வளர்த்தவர்கள் நடந்து வந்தவர்கள். கார் நிறுத்தம் பற்றிப் பேசும் கூட்டங்களில் இது யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை.

வியாபாரம் பெருகப் பெருக, வீட்டு மனைகளில் பல மாடிக் கடைகள் எழுந்தன. அனுமதிக்குக் கொடுத்த வரைபடத்தில் அடித்தளம் என்பது வாகன நிறுத்தம். கட்டி முடித்த பிறகு அது சரக்குக் கிடங்காகவோ இன்னொரு விற்பனைத் தளமாகவோ ஆனது. பக்கத்தில் விட வேண்டிய இடமும் கட்டடத்துக்குள் போனது. 1990களின் இறுதியில் நகர் ஊரமைப்புச் சட்டத்தில் 113-ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். பணம் கட்டினால் விதிமீறலை முறைப்படுத்திக்கொள்ளலாம் என்றானது. அதை ஒட்டி வழக்குகள் வருடக்கணக்கில் நடந்தன. கட்டடத்துக்குள் நிற்க வேண்டிய வண்டி அதற்குள் தெருவுக்கு வந்துவிட்டது. ஒரு கடைக்காரர் தன் அடித்தளத்தைக் கிடங்காக்கி மிச்சம் பிடித்த செலவை அந்த வழியே நடப்பவர் ஒவ்வொருவரும் சுமக்கிறார்.

2017 மே 31 அன்று உஸ்மான் சாலையில் ஒரு பெரிய ஜவுளிக் கட்டடம் தீப்பிடித்தது. அணைக்க ஒரு நாளுக்கு மேல் ஆனது; கட்டடத்தின் ஒரு பகுதி இடிந்து விழுந்தது; மிச்சத்தையும் பிறகு இடித்தார்கள். தீயணைப்பு வண்டிகள் நாலு பக்கமும் போய் நிற்க இடமில்லாததை அன்று ஊரே பேசியது. ஆம்புலன்ஸ் போக முடியாத சந்து எது, தீயணைப்பு வண்டி திரும்ப முடியாத முனை எது என்று இங்கே குடியிருப்பவர்களைக் கேட்டால் விரல் விட்டுச் சொல்வார்கள். வண்டி நிறுத்தச் சிக்கலை வெறும் வசதிக் குறைவாக நினைப்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

ஒரு சந்தின் சாயங்காலம்

தி.நகரின் கடைத்தெருவான பாண்டி பஜாரிலிருந்து பிரியும் ஏதாவது ஒரு குறுக்குத் தெருவில், சனிக்கிழமை மாலை ஆறு மணிக்குப் போய் நின்று பாருங்கள். ஒரு பக்கம் இன்னும் மிஞ்சியிருக்கும் வீடுகள். வீட்டு வாசலில் செடி இல்லாத தொட்டி, பாறாங்கல், சிமென்ட் ஊற்றி நடுவில் குழாய் நட்ட பெயின்ட் டப்பா. கேட்டில் பலகை: ‘கேட்டுக்கு முன் வண்டி நிறுத்தாதீர்கள். மீறினால் காற்று பிடுங்கப்படும்.’ தெருவின் ஒரு துண்டைத் தன்னுடையதாக்கிக்கொள்ள அந்த வீட்டுக்காரர் கண்ட வழி அது. கோபத்தில் செய்தாலும் அவர் கோபம் நியாயமானது. சொந்த வீட்டிலிருந்து காரை வெளியே எடுக்க முன்பின் தெரியாத ஒருவர் ஷாப்பிங் முடித்து வரும்வரை அவர் காத்திருக்க வேண்டியிருக்கிறது.

எதிர்ப் பக்கம் கடைகள். வாசலில் விசிலோடு ஒரு காவலாளி. ‘சைடு லாக் போடாதீங்க’ என்று ஸ்கூட்டரை நிறுத்தும் ஒவ்வொருவரிடமும் சொல்கிறார். ஏன் என்றால் அடுத்த வண்டி வந்ததும் இந்த வண்டியின் பின்பக்கத்தைத் தூக்கி, நாலு விரல்கடை தள்ளி வைத்து, இடைவெளியில் அதைச் செருக வேண்டும். கடை மூடும்வரை இதே வேலை. வயதானவர்கள்தான் பெரும்பாலும் இந்தப் பணியில் இருக்கிறார்கள். ஒரு நாளைக்கு எத்தனை வண்டியைத் தூக்குகிறார் என்று எந்தக் கடையும் கணக்கு வைத்திருக்காது. தி.நகரின் வண்டி நிறுத்தத் திட்டம் என்று இன்று நடைமுறையில் ஒன்று இருக்கிறதென்றால் அது அவருடைய முதுகெலும்புதான்.

இந்தச் சந்துக்குக் காலை பத்து மணிக்கே வந்தால் விஷயம் இன்னும் தெளிவாகும். பாதிக் கடைகள் ஷட்டரே திறந்திருக்காது. வாடிக்கையாளர் கண்ணில் படமாட்டார். ஆனால் முதல் வரிசை நிறைந்திருக்கும். அவை முதலாளியின் கார், மேலாளரின் பைக், விற்பனைப் பிரிவில் இருப்பவர்களின் ஸ்கூட்டர்கள். இரவு ஒன்பதுக்கு மேல்தான் அவை நகரும். ‘பார்க்கிங் இல்லாததால் வியாபாரம் படுக்கிறது’ என்ற குறை எழும் கடைகளின் முன்னாலேயே கடைக்காரர்களின் வண்டிகள் இடம் பிடித்து நிற்கின்றன.

மத்தியானம் ஒரு மணிக்கு ஹோட்டலில் நாலு பேர் பில் கொடுத்த பிறகும் மேசையை விட்டு எழாமல் இரவுவரை உட்கார்ந்திருந்தால், அந்த முதலாளி மேசை போதவில்லை என்று மாடி எடுத்துக் கட்ட மாட்டார், உட்கார்ந்திருப்பவர்களைத்தான் எழுப்புவார். தெருவோர இடமும் அப்படிப்பட்டதுதான். இருபது கார் நிற்கும் ஓரம் ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். காலை பத்திலிருந்து இரவு ஒன்பதுவரை பதினோரு மணி நேரம். அவை ஊழியர்களின் கார்களாக இருந்தால் அந்த ஓரம் நாள் முழுவதும் இருபது பேருக்குப் பயன்பட்டது. ஆளுக்கு ஒரு மணி நேரம் நின்று போனால் 220 குடும்பங்கள் கடைக்கு வந்து போயிருக்கும். ஓர் அடி நிலம்கூடக் கூடவில்லை. வியாபாரிகள் சங்கங்கள் தங்கள் கூட்டத்தில் எடுத்துப் பேச வேண்டிய முதல் கணக்கு இது.

ஓரம் நிறைந்தால் மற்ற எல்லாமே நடுத்தெருவுக்கு வருகிறது. துணி மூட்டை இறக்க வந்த ‘குட்டியானை’ சரக்கு வண்டி இரண்டாவது வரிசையில் நிற்கிறது. அதைத் தாண்ட ஆட்டோ எதிர்த்திசையில் ஏறுகிறது. ‘இரண்டே நிமிஷம்’ என்று விளக்கை மினுக்கவிட்டு ஒருவர் காரை நடுவில் விட்டுப் போகிறார். பிரதான சாலையில் இதே நடந்தால் எழுபது பேரைச் சுமந்து வரும் மாநகரப் பேருந்து ஒற்றைக் காருக்காகக் காத்து நிற்கிறது. அந்த எழுபது பேரில் யாருக்கும் தெருவில் ஓர் அடி இடம்கூட வேண்டியதில்லை. இறங்கி நடக்க நடைபாதை வேண்டும், அவ்வளவுதான். அந்த நடைபாதையிலும் பைக் நிற்கிறது.

1935-இல் ஒக்லஹோமாவில்

கடைத்தெரு ஓரத்தைக் கடை ஊழியர்களே நாள் முழுக்க அடைத்துக்கொள்ளும் சிக்கல் நம்முடைய கண்டுபிடிப்பு இல்லை. அமெரிக்காவின் ஒக்லஹோமா சிட்டியில் 1930களில் இதே புகார் இருந்தது. காலையில் வேலைக்கு வருபவர்கள் காரை நிறுத்திவிட்டுப் போனால் மாலைவரை வாடிக்கையாளருக்கு இடம் கிடையாது. கார்ல் மகீ என்ற பத்திரிகை ஆசிரியர் முன்னின்று செய்த முயற்சியில், 1935 ஜூலை 16 அன்று உலகின் முதல் பார்க்கிங் மீட்டர் அந்த ஊரில் நடப்பட்டது. மணிக்கு ஐந்து சென்ட். தெருவுக்குக் கட்டணமா என்று கொதித்தவர்கள் நிறையப் பேர். மீட்டரை முதலில் தெருவின் ஒரு பக்கம் மட்டும் வைத்தார்கள். சில நாட்களிலேயே எதிர்ப் பக்கத்துக் கடைக்காரர்கள் தங்களுக்கும் வேண்டும் என்று கேட்டார்கள். மீட்டர் வைத்த பக்கம்தான் வண்டி வந்து போய்க்கொண்டிருந்தது.

வாகன நிறுத்தத்தை வாழ்நாள் முழுவதும் ஆராய்ந்தவர் லாஸ் ஏஞ்சலஸிலிருக்கும் கலிஃபோர்னியா பல்கலைக்கழகப் பேராசிரியர் டொனால்ட் ஷூப். 2025 பிப்ரவரியில் காலமானார். இலவச வாகன நிறுத்தத்துக்கு ஊர் கொடுக்கும் விலை பற்றி 2005-இல் அவர் எழுதிய பெரிய புத்தகம் பல நகரங்களின் கொள்கையை மாற்றியது. தன் பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில் வெஸ்ட்வுட் வில்லேஜ் என்ற சிறிய கடைவீதியில், வண்டி நிறுத்த இடம் தேடிச் சுற்றுபவர்களை அவரும் மாணவர்களும் அளந்தார்கள். ஒருவர் தேடும் நேரம் சராசரியாக மூன்று நிமிடத்துக்குச் சற்று மேல். அற்பமாகத் தெரியும். ஆனால் அந்தக் கடைவீதியின் பதினைந்து தெருப் பகுதிகளில் இடம் தேடி மட்டுமே வருடத்துக்குச் சுமார் 15 லட்சம் கிலோமீட்டர் கார்கள் ஓடின. பனகல் பூங்காவை இரண்டு சுற்று சுற்றி, ஜி.என். செட்டி சாலையில் போய்த் திரும்பி வந்து, மூன்றாவது சுற்றில் அலுத்துப்போய் எங்கேயாவது சொருகிவிட்டு இறங்கும் காரோட்டிகளுக்கு இந்தக் கணக்கை விளக்க வேண்டியதில்லை. நெரிசலில் நாம் பார்க்கும் வண்டிகளில் ஒரு பங்கு எங்கும் போகவில்லை; நிற்க இடம் தேடிக்கொண்டிருக்கிறது.

ஷூப் சொன்ன வழி எளிமையானது. எந்தத் தெருவிலும் எந்த நேரத்திலும் ஒன்றிரண்டு இடம் காலியாக இருக்கும்படி கட்டணத்தை வையுங்கள். தெரு நிரம்பி வழிந்தால் கூட்டுங்கள். காலியாகக் கிடந்தால் குறையுங்கள். நூறுக்கு எண்பத்தைந்து இடம் நிறைந்திருப்பது சரியான அளவு என்பது அவர் கணிப்பு. நிற்பவருக்கும் வருபவருக்கும் அப்போது இடம் உண்டு. சான் பிரான்சிஸ்கோ நகரம் 2011-இல் இதைச் சோதித்துப் பார்க்கத் தொடங்கி, தெருவுக்குத் தெரு, நேரத்துக்கு நேரம் வேறு கட்டணம் வைத்தது.

அவர் அடிக்கடி எடுத்துக்காட்டிய ஊர் பாசடீனா. அதன் பழைய கடைவீதி நொடித்துப்போயிருந்தது. 1993-இல் மீட்டர் வைக்கப் போனபோது கடைக்காரர்கள் எதிர்த்தார்கள். நகராட்சி ஒரு வாக்குறுதி கொடுத்தது: இங்கே வசூலாகும் பணம் இந்த வீதிக்கே செலவாகும். அதோடு பேச்சு மாறியது. அந்தப் பணத்தில் நடைபாதை, மரம், விளக்கு, பின்சந்துகள் எல்லாம் சீரமைந்தன. வீதி மறுபடியும் களைகட்டியது. கட்டணத்தால் மட்டும் எழுந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் கட்டணம் வந்ததால் வியாபாரம் போய்விடும் என்ற அச்சம் அங்கே பொய்த்தது உறுதி.

பாதி செய்த வேலை

பாண்டி பஜார் ஒரு பெரிய மாற்றத்தைப் பார்த்த தெரு. நடைபாதையில் இருந்த கடைகளை 2013-இல் தனி வளாகத்துக்கு மாற்றினார்கள். 2019 நவம்பர் 13 அன்று சீர்மிகு நகரத் திட்டத்தில், ஏறத்தாழ 40 கோடி ரூபாய்ச் செலவில், அன்றைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி நடைபாதை வளாகத்தைத் திறந்துவைத்தார். பாண்டி பஜார் இருக்கும் தியாகராய சாலையின் பெரும் பகுதி நடப்பவர்களுக்குக் கிடைத்தது. மரத்தடியில் உட்கார இருக்கை, சக்கர நாற்காலி போகும் சரிவு, குழந்தைகள் ஓடியாட இடம். சென்னையில் ஒரு கடைத்தெருவில் முதியவர்கள் பொருள் எதுவும் வாங்காமல் சும்மா உட்கார்ந்திருப்பதை அப்போதுதான் பார்க்க முடிந்தது. இந்த ஊர் செய்த மிக நல்ல காரியங்களில் அதுவும் ஒன்று என்பது என் உறுதியான எண்ணம்.

வண்டி நிறுத்தத்துக்கும் அங்கே முறை வந்தது. மாநகராட்சியின் ஸ்மார்ட் பார்க்கிங் திட்டத்தில் மற்ற இடங்களில் காருக்கு மணிக்கு 20 ரூபாய், இருசக்கர வாகனத்துக்கு 5 ரூபாய் என்று இருந்தது. பாண்டி பஜாரில் 60 ரூபாயும் 15 ரூபாயும் வாங்கினார்கள். நெருக்கடியான இடத்தில் கூடுதல் விலை என்ற கொள்கை அளவில் அது சரி. தவறு எங்கே என்றால், விலை பிரதான சாலையோடு நின்றுவிட்டது. திரும்பினால் வரும் குறுக்குத் தெருவில் பூஜ்யம். அறுபது ரூபாய்க்கும் பூஜ்யத்துக்கும் நடுவில் நூறடி தூரம் இருந்தால் வண்டி எங்கே போகும் என்று யாருக்கும் தெரியும். பிரதான சாலை அழகானது. நெரிசல் வீடுகள் இருக்கும் தெருக்களுக்குப் போனது. அடுக்குமாடி காலியாக நின்றதற்கும் இதுவே காரணம்.

2025 ஜூலையில் கட்டண வசூல் ஒப்பந்தம் முடிந்தபோது, புதிய ஒப்பந்தம் வரும்வரை மாநகராட்சியின் வாகன நிறுத்தங்களில் கட்டணம் கிடையாது என்று அறிவிப்பு வந்தது. மக்கள் மகிழ்ந்தார்கள். கட்டணம் என்ற பெயரில் பலகையில் ஒரு தொகை, கையில் வாங்குவது வேறு தொகை என்று பல இடங்களில் நடந்த வசூல் மேல் இருந்த வெறுப்பு அந்த மகிழ்ச்சியில் கலந்திருந்தது. அந்த வெறுப்பைப் புரிந்துகொள்ளலாம். ஆனால் இலவசம் என்றானதும் முதலில் பயனடைபவர் காலையில் முதலில் வருபவர்தான். சாயங்காலம் குடும்பத்தோடு வரும் வாடிக்கையாளருக்கு இலவச இடம் என்பது இல்லாத இடம்.

அபராதம் எவ்வளவு என்பதைவிட

தமிழ்நாட்டில் 2022 அக்டோபர் முதல் உயர்த்திய அபராதங்கள் நடைமுறையில் இருக்கின்றன. நிறுத்தக் கூடாத இடத்தில் வண்டி நிறுத்தினால் முதல் முறை 500 ரூபாய், மறுபடி பிடிபட்டால் 1500. தொகை சிறியதில்லை. என்றாலும் சாலையோரக் கூட்டம் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் கண்காணிப்புக் கோபுரம், ஒலிபெருக்கி, இழுவை வண்டி என்று போலீஸ் முழு பலத்தோடு நிற்கும்போது தெரு மாறிவிடுகிறது. தை பிறந்ததும் பழைய குருடி கதவைத் திறடி. என்றோ ஒரு நாள் விழும் பெரிய அபராதத்தைவிடத் தினமும் தவறாமல் வாங்கும் சிறிய கட்டணத்துக்குத்தான் பழக்கத்தை மாற்றும் பலம் உண்டு. அபராதம் அதிர்ஷ்டக் குறைவு, கட்டணம் கணக்கு.

இதில் நிர்வாகச் சிக்கல் ஒன்று இருக்கிறது. ஓரம் மாநகராட்சியுடையது. அபராதம் போடுவது போக்குவரத்துப் போலீஸ். கட்டடத்துக்குள் எத்தனை வண்டிக்கு இடம் வேண்டும் என்று விதி வகுப்பது சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமமான சி.எம்.டி.ஏ. மூவரையும் ஒரே மேசைக்குக் கொண்டுவரவே சென்னை ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமம், சுருக்கமாக கும்டா, உருவானது. 2010-இல் சட்டம் வந்தும் 2022-இல்தான் அது உயிர்பெற்றது. பெருநகருக்கான வாகன நிறுத்தக் கொள்கை ஒன்றைத் தயாரித்து, அண்ணா நகரை முன்னோடிப் பகுதியாக எடுத்திருக்கிறது. ஒரு சாலையைப் பார்க்காமல் ஒரு பகுதி முழுவதையும் சேர்த்துப் பார்ப்பது அதன் அடிப்படை. தி.நகருக்கும் அதுதான் வேண்டும்.

அப்படிச் செய்தால் எப்படி இருக்கும்? பனகல் பூங்காவிலிருந்து பத்து நிமிட நடை தூரத்துக்குள் வரும் எல்லாத் தெருக்களையும் ஒரே வட்டத்துக்குள் எடுக்க வேண்டும். தெருவோரத்தில் நிறுத்தினால் விலை அதிகம், அடுக்குமாடியில் நிறுத்தினால் குறைவு. இதுவரை இருந்த கணக்கு தலைகீழாக வேண்டும். அரை மணி நேர வேலைக்கு வருபவர் தெருவில் நிறுத்தட்டும். கல்யாண ஜவுளிக்கு வந்து நாலு மணி நேரம் இருப்பவர் உள்ளே போகட்டும். கடை ஊழியர்களுக்கு அடுக்குமாடியில் குறைந்த விலையில் மாதச் சீட்டு கொடுக்க வேண்டும். இதில் நான் பிடிவாதமாக இருப்பேன். பெரும்புதூர்ப் பக்கமிருந்தோ பல்லாவரத்திலிருந்தோ பைக்கில் வரும் விற்பனைப் பையனின் சம்பளத்தில் மணிக்கு 15 ரூபாய் பிடித்தால் அது அநியாயம். அவர் முதலாளி அந்த மாதச் சீட்டுக்குப் பணம் கட்டலாம். கட்டடத்தின் அடித்தளத்தைக் கிடங்காக்கிய முதலாளி கட்டாயம் கட்ட வேண்டும்.

வீட்டுக்காரர்களுக்கு அனுமதிச் சீட்டு தரலாம், ஒரு வீட்டுக்கு ஒன்று என்ற அளவில். இரண்டாவது, மூன்றாவது காரை வாங்குபவர் அதை நிறுத்த இடத்தையும் சேர்த்தே வாங்க வேண்டும். ஜப்பானில் 1962-இல் சட்டமே போட்டார்கள்: நிறுத்த இடம் இருக்கிறது என்று காட்டாமல் அங்கே கார் பதிவு செய்ய முடியாது. டோக்கியோவின் மிகக் குறுகிய தெருக்கள் நடக்கத் தகுந்தவையாக இருப்பதற்கு அது ஒரு காரணம். சரக்கு இறக்குவதைக் காலை பத்து மணிக்கு முன் முடித்துவிட வேண்டும், அதற்கென்று தனிக் கட்டம் குறித்து. ஆட்டோவுக்கும் மாற்றுத்திறனாளிகளின் வண்டிக்கும் இடம் ஒதுக்கிய பிறகு மிச்சத்தைத்தான் விற்க வேண்டும். நூறு மீட்டர் ஓரத்தில் பதினாறு கார் நிற்கும். அதே ஓரத்தில் நூறு பைக்குக்கு மேல் குறுக்காக நிற்கும். ஸ்கூட்டரில் வரும் குடும்பங்களுக்குத்தான் பெரும் பங்கைக் கொடுக்க வேண்டும் என்பதற்கு இதைவிடக் காரணம் வேண்டியதில்லை.

‘மாலுக்குப் போய்விடுவார்கள்’

வியாபாரிகளின் பயத்தைத் தட்டிக்கழிக்கக் கூடாது. இணைய விற்பனை ஒரு பக்கம், புறநகர்க் கிளைகள் ஒரு பக்கம் என்று நெருக்கடியில் இருப்பவர்கள் அவர்கள். கட்டணம் வைத்தால் வாடிக்கையாளர் மாலுக்குப் போய்விடுவார் என்கிறார்கள். சென்னையின் பெரிய மால்கள் கார் நிறுத்த மணிக்கணக்கில் பணம் வாங்குகின்றன. யாரும் அதற்காகத் திரும்பிப் போவதில்லை. போனால் இடம் கிடைக்கும் என்ற நிச்சயத்துக்காகக் கொடுக்கிறார்கள். தி.நகர் இன்று தர முடியாதது அந்த நிச்சயம்தான். இரண்டாயிரம் ரூபாய்ச் சேலை எடுக்க வருபவரை முப்பது ரூபாய்க் கட்டணம் விரட்டாது. முக்கால் மணி நேரம் சுற்றிவிட்டு வெறுப்போடு கடைக்குள் நுழைந்தவர் மறுமுறை வருவாரா என்று கடைக்காரர்கள்தான் யோசிக்க வேண்டும்.

தி.நகருக்கு வருபவர்கள் எல்லாரும் காரில் வருபவர்கள் என்று நினைத்துக்கொள்வதும் தவறு. 2023 மே மாதம் மாம்பலம் ரயில் நிலையத்தையும் பேருந்து நிலையத்தையும் இணைத்து 570 மீட்டர் ஆகாய நடைபாதை திறந்தார்கள். 28 கோடி ரூபாய்க்கு மேல் செலவு. கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லி போகும் மெட்ரோ பாதையில் பனகல் பூங்கா ஒரு சுரங்க நிலையம். அது ஓடத் தொடங்கும்போது பூங்காவின் வாசலிலேயே ஆயிரக்கணக்கானவர்கள் வந்து இறங்குவார்கள். அவர்கள் மேலே ஏறி வந்ததும் கால் வைப்பது எங்கே என்பதை இப்போதே முடிவு செய்ய வேண்டும். நிலையத்து வாசலைச் சுற்றிய தெருக்களில் வண்டி நிறுத்த முறை இல்லாமல் மெட்ரோ மட்டும் வந்தால், சுரங்கத்திலிருந்து வருபவர் நேராக பைக் வரிசைக்குள் போய் முட்டுவார்.

எல்லாவற்றுக்கும் மேலாக, பணம் எங்கே போகிறது என்பதைச் சொல்ல வேண்டும். வசூலிப்பதை மாநகராட்சியின் பொதுக் கணக்கில் கரைத்துவிட்டால், வியாபாரிக்கோ தெருவாசிக்கோ அந்தக் கட்டணத்தை ஆதரிக்க எந்தக் காரணமும் இல்லை. புதிய ஒப்பந்தம் போடும்போது இதை எழுத்தில் கொண்டுவர வேண்டும். பணமாகக் கைமாறாமல் செல்போனிலும் இயந்திரத்திலும் மட்டுமே வசூல். ஒவ்வொரு மாதமும் எந்தத் தெருவில் எவ்வளவு வந்தது என்று தெருமுனைப் பலகையில் கணக்கு. பாதிக்குக் குறையாமல் அந்தத் தெருக்களுக்கே செலவு. எதற்குச் செலவிடலாம் என்று வியாபாரிகள் சங்கமும் குடியிருப்போர் சங்கமும் வார்டு உறுப்பினரோடு உட்கார்ந்து தீர்மானிக்கட்டும். என்னைக் கேட்டால், முதல் வருடப் பணம் உஸ்மான் சாலையிலும் ரங்கநாதன் தெரு முனையிலும் பெண்களுக்கான சுத்தமான கழிப்பறைகளுக்கும், அவற்றை இரவு பத்து மணிவரை பராமரிக்கும் ஊழியர்களின் சம்பளத்துக்கும் போக வேண்டும். அரக்கோணத்திலிருந்தும் காஞ்சிபுரத்திலிருந்தும் ரயிலேறி வந்து, கைக்குழந்தையோடு எட்டு மணி நேரம் கடை கடையாக ஏறி இறங்கும் பெண்கள் அதைத்தான் முதலில் கேட்பார்கள்.